திறந்த கொட்டகையைச் சூடேற்றுதல்: ஜலகண்டாபுரத்து வாட்டர் வாஷ் நிலையங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் வண்டி கழுவும் கொட்டகை வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமா, வேண்டுமெனில் எதைக் கொண்டு சூடேற்றுவது என்பதே இவ்வாய்வின் பொருள். அற்பமான பொருள் என்று முகம் சுளிப்பவர்கள், கனடாக்காரர்கள் இதற்காகச் செலவழிக்கும் பணத்தைக் கேட்டால் மரியாதையாக உட்கார்ந்து படிப்பார்கள்.

அங்கே தானாகக் கார் கழுவும் கூடத்தின் சிமெண்டுத் தரைக்குள் குழாய் பதித்து, உறையாமலிருக்கக் கிளைக்கால் கலந்த வெந்நீரை ஓட்டுகிறார்கள். கூரையிலிருந்து எரிவாயு ஹீட்டர் தொங்கும். கார் நுழைந்ததும் கதவு சட்டென்று இறங்கிவிடும். காரணம் எளியது. தண்ணீர் உறைந்தால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். குழாய்க்குள் உறைந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே வண்டி வராத நேரத்திலும் தண்ணீர் பீய்ச்சும் கன்னை, உள்ளே உறையாதபடி, சொட்டவிடுகிறார்கள். நம் ஊரில் வாஷர் தேய்ந்து சொட்டுவது, அங்கே திட்டமிட்டு நடக்கிறது.

இனி நம் தரவுகள். முன்பனிப் பருவத்தைத் தொல்காப்பியர் குறிஞ்சிக்கு எழுதி வைத்தார். அவர் கணக்குப்படி ஏற்காடு குளிரலாம். மருதத்துக்கு ஆறு பருவமும் உண்டென்று உரையாசிரியர்கள் பிறகு சலுகை காட்டினார்கள்; அந்தச் சலுகையில்தான் சேலத்துச் சமவெளியிலுள்ள ஜலகண்டாபுரம் நடுங்குகிறது. இச்சமவெளியில் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 19 டிகிரியை ஒட்டியே நிற்கும். உறைபனி பார்க்க வேண்டுமானால் ஊட்டித் தலைக்குந்தாவுக்குப் போக வேண்டும். ஆயினும் ஆறு மணிக்கு டீக்கடை முன் நிற்கும் குரங்குக் குல்லாக்களை எண்ணிப் பார்த்தால் வேறு ஊர் என்றே தோன்றும். லடாக் குளிரில் சாதா டீசலே கெட்டியாகிவிடும். அதற்கென்றே இந்தியன் ஆயில் 2019இல் குளிர்கால டீசல் கொண்டுவந்தது. அந்தக் குளிரைப் பார்த்துத் திரும்பிய லாரி ஓட்டுநரும் இங்கே இறங்கியதும் மஃப்ளரைத்தான் தேடுகிறார். குளிர் என்பது வெப்பமானி மட்டும் தீர்மானிக்கும் விஷயமல்ல என்று இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

சூடேற்றுவதற்கான செலவுக்கு வருவோம். இங்கே கொட்டகை என்பது நான்கு இரும்புத் தூண், மேலே தகரம், கீழே இரண்டு ரேம்ப். சுவர் இருந்தால் ஒரு பக்கம். அதிலும் டயர் விளம்பரம். நீளம் 6 மீட்டர், அகலமும் உயரமும் 4 மீட்டர் என்று வைத்தால் உள்ளே 96 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1.2 கிலோஜூல் போதும். பத்து டிகிரி ஏற்ற மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. முதலாளி மகிழ்ச்சியடைய இந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

ஆனால் காற்று நிற்பதில்லை. மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, நொடிக்கு ஒரு மீட்டர் வீசினாலும், 24 சதுர மீட்டர் திறப்பின் வழியே நொடிக்கு 24 கன மீட்டர் புதுக் காற்று நுழைகிறது. அத்தனையையும் பத்து டிகிரி ஏற்ற 288 கிலோவாட் வேண்டும். அதாவது மணிக்கு 288 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் இருபத்தொரு நிமிடத்தில் தீரும். ஊரெங்கும் தறி ஓடுவதால் இன்னொரு கணக்கும் அவசியமாகிறது: விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு விட்டிருக்கும் 1,000 யூனிட் இலவசம் மூன்றரை மணி நேரத்தில் காலி. காலை வண்டிகளைக் கழுவி முடிப்பதற்குள் ஒரு தறிக் குடும்பத்தின் சலுகை எடப்பாடிப் பக்கம் காற்றோடு போய்விடும்.

ஆகவே ஹீட்டர் கட்சி தோற்றது. ஆனால் களத்தில் அடிக்கடி காதில் விழும் ஓர் உரையாடல் ஆய்வின் திசையை மாற்றியது.

“என்ன தம்பி, சுடுதண்ணி உடறீங்களா? ஆவி பறக்குது?”

“இல்லீங்ணா, போர் தண்ணிதாங்ணா.”

சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே நிலத்தடி நீருக்கு மார்கழியும் தெரியாது, சித்திரையும் தெரியாது. ஆண்டு முழுவதுக்குமான சராசரி வெப்பம் எதுவோ அதுவே அதன் வெப்பம். சேலத்தில் அது 28 டிகிரியை ஒட்டியது. இன்னும் ஆழம் போனால் சூடு ஏறும். கிலோமீட்டருக்கு 25 டிகிரி என்பது உலகப் பொதுக் கணக்கு. நம் பாறைக்கு அதைவிடக் குறைவாகவே வைத்தாலும், ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை என்று இத்தனை காலம் அழுத மாவட்டம், வெந்நீருக்குப் பக்கத்தில் போய்விட்டது தெரியாமலே அழுதிருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். மாலையிலேயே மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பிவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். அந்தத் தண்ணீர் இரவெல்லாம் மொட்டை வெளியில் நின்று, பூமி கொடுத்த சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. முதல் வண்டிக்கு விழுவது அந்த ஜில்லிட்ட தண்ணீர். மோட்டாரை விடியலில் போட்டால் அதே மின்செலவில் வெதுவெதுப்பான தண்ணீர். கிளைக்கால் வேண்டாம், தரையை உடைக்க வேண்டாம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர் கையில் படும்வரைதான் சுகம். நனைந்த சட்டையிலிருந்து ஒவ்வொரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போதும் உடம்பிலிருந்து இரண்டாயிரத்து நானூறு ஜூலுக்கு மேல் வெப்பத்தை உருவிக்கொண்டு போகும். 19 டிகிரியில் குழாய் உறையாது, கம்ப்ரசர் உறையாது, காரும் உறையாது. வெறுங்காலோடு சோப்புத் தண்ணீரில் நிற்கும் பையன் மட்டும் விறைத்துப் போவான். மேலைநாட்டுச் சாதனங்களில் பெரும்பகுதி குழாயையும் தரையையும் காப்பாற்றப் பிறந்தவை. நமக்கு அந்தக் கவலை இல்லாததால், அவர்களுடைய தொழில்நுட்பத்துக்கு இங்கே செய்வதற்கு எதுவுமில்லை.

எனவே வாட்டர் வாஷ் முதலாளிகளுக்கு: கொட்டகையைச் சூடேற்றாதீர்கள். மோட்டாரை விடிந்ததும் போடுங்கள். பையனுக்கு ஒரு ஜோடி கம் பூட்ஸும், முன்பக்கம் கட்டிக்கொள்ள ஒரு ரெக்சின் ஏப்ரனும் வாங்கிக் கொடுங்கள், தை பிறப்பதற்குள்.