அலகாபாத்துக்கு ஒரு டிக்கெட்

பிரயாகையில், அதாவது அலகாபாத்தில், முங்கி எழுந்தால் பாவம் தொலையும் என்பார்கள். பெங்களூரு உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு அந்தப் புண்ணியத்தை அரசாங்கச் செலவிலேயே தேடித் தர நம் நாட்டில் ஆள் உண்டு. என்ன பாவம் செய்தேன் என்று மட்டும் கேட்கக் கூடாது. மாற்றல் உத்தரவில் அது இருக்காது. நீதி நிர்வாகம் சிறக்க என்று ஒரு வரி இருக்கும், அதோடு சரி.

முதல் டிக்கெட் 1976-ல் கிழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 26 அன்று, நாடாளுமன்றக் குழு வேலையாகப் பெங்களூரு வந்திருந்த வாஜ்பாயியையும் அத்வானியையும் போலீஸ் பிடித்து மத்தியச் சிறையில் அடைத்தது. (அந்தச் சிறைதான் இன்றைய ஃப்ரீடம் பார்க். நகரத்தில் ஆர்ப்பாட்டம் செய்வதானால் அங்கே மட்டும்தான் செய்ய வேண்டும் என்பது போலீஸ் உத்தரவு. உரிமை கேட்பவன் பழைய ஜெயிலுக்குள் போய்க் கேட்கட்டும் என்று யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு.) நெருக்கடி நிலையில் உள்ளே வைத்தவர்களைப் பற்றி நீதிமன்றம் வாயே திறக்கக் கூடாது என்றது இந்திரா அரசு. திறப்போம் என்று கைதிகளின் மனுவைக் கையில் எடுத்தார்கள் கர்நாடக நீதிபதிகள். மறு ஆண்டே நாடு முழுக்க 16 உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு மூட்டை கட்டச் சொல்லி உத்தரவு. டி.எம். சந்திரசேகருக்கு அலகாபாத். சதானந்தசாமிக்குக் குவாஹாட்டி.

கைதிகள் வெளியே வந்தார்கள், ஆட்சிக்கும் வந்தார்கள். அவர்களின் பாஜக டெல்லியில் தனிப்பெரும்பான்மையோடு வீற்றிருந்த 2017 செப்டம்பரில் இரண்டாவது டிக்கெட். இம்முறை ஜெயந்த் படேல். குஜராத் உயர் நீதிமன்றத்தில் 2011-ல் இஷ்ரத் ஜஹான் என்கவுன்ட்டர் வழக்கை சிபிஐ கையில் கொடுத்த அமர்வில் இருந்தவர். அங்கே பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்தவரை 2016-ல் பெங்களூருவுக்குக் கிளப்பினார்கள். பெங்களூருவில் தலைமை நீதிபதி அக்டோபர் 9-ல் ஓய்வு. அடுத்த மூத்தவர் படேல். நாற்காலிக்கும் அவருக்கும் இடையே இரண்டே வாரம். வந்தது மாற்றல்: அலகாபாத். ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கும்போதே படேல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள்.

1976-ல் மிரட்டியது அரசு. ஒளிவுமறைவில்லாமல் மிரட்டியது, அந்த மட்டும் நல்லது. 2017-ல் மாற்றியது உச்ச நீதிமன்றக் கொலீஜியம். அரசாங்கம் நீதிபதிகளைப் பந்தாடக் கூடாது என்று சொல்லி 1993 தீர்ப்பில் நீதிபதிகள் தங்கள் கைக்கு வாங்கிக்கொண்ட அதிகாரம் அது! படேல் போன சில நாட்களில், இனி எங்கள் முடிவுகளின் காரணத்தை இணையதளத்தில் போடுவோம் என்று கொலீஜியம் அறிவித்தது. பிரேதம் சுடுகாடு போன பிறகு வீட்டுக்கு வந்த மருந்துச் சீட்டு.

தமிழனுக்குப் பெங்களூரு என்றால் இன்னொரு நினைப்பு. சென்னையில் அரசுத் தரப்புச் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்ததால்தான் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை உச்ச நீதிமன்றம் 2003-ல் அங்கே அனுப்பியது. 2014-ல் நீதிபதி குன்ஹா, பதவியில் இருந்த முதல்வரைப் பரப்பன அக்ரஹாரத்தில் வைத்தே குற்றவாளி என்றார். வழக்கை ஊர் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, நீதிபதியை ஊர் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று தெரியாதா?

டிக்கெட் கிழிக்கக்கூட வேண்டியதில்லை, காட்டினால் போதும். 2022 ஜூலை. ஐந்து லட்சம் லஞ்ச வழக்கு ஒன்றில் ஜாமீன் மனு. ஊழல் தடுப்புப் பிரிவு எத்தனை வழக்கை பி-ரிப்போர்ட் போட்டு மூடியது, கணக்குக் கொடு என்று கேட்டார் நீதிபதி எச்.பி. சந்தேஷ். சித்தராமையா ஆட்சியில், 2016-ல், லோக் ஆயுக்தாவின் பல்லைப் பிடுங்கிவிட்டு உண்டாக்கிய பிரிவு அது. பசவராஜ் பொம்மை ஆட்சியும் அதைப் பத்திரமாகவே வைத்திருந்தது. தலைமை நீதிபதியின் பிரிவுபசார விருந்தில் சக நீதிபதி ஒருவர் சந்தேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டெல்லியிலிருந்து போன் வந்தது, உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்றார். அந்தப் பிரிவின் ஏடிஜிபி செல்வாக்கானவர் என்றார். முன்பு ஒரு நீதிபதி மாற்றப்பட்ட கதையையும் இலையோடு பரிமாறினார். சந்தேஷ் இத்தனையையும் உத்தரவிலேயே எழுதி வைத்தார்.

ஜாமீன் மனுவில் இதெல்லாம் எதற்கு என்று உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்குத் தடை போட்டது. ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு ஊழல் தடுப்புப் பிரிவையே கலைத்தது. சந்தேஷ் திறந்த நீதிமன்றத்தில் சொன்னது: நான் விவசாயி மகன், பதவி போனால் நிலத்தை உழுதுகொள்வேன். கைதட்டினோம். நிலமில்லாத வீட்டிலிருந்து வந்த நீதிபதி, அந்த விருந்தில் என்ன சொல்லியிருப்பார்?