மோதிரத்தில் யாருக்கு இடம்

1993 ஆகஸ்டில் பிளாக்ஸ்பர்க்கில் போய் இறங்கியபோது என்னிடம் இரண்டு பெட்டியும் ஒரு பிரஷர் குக்கரும் அப்பா மாற்றிக் கொடுத்த கொஞ்சம் டாலரும் இருந்தன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் அது. 1872இல் விவசாயமும் தொழிற்கலையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய கல்லூரிதான் இப்போதைய வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணான நான், உணவு அறிவியலில் முதுகலை படிக்க அங்கே போயிருந்தேன்.

எங்கள் லேபில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்க, மணிக்கணக்கில் சம்பளத்துக்கு இளங்கலைப் பையன் ஒருவன் வருவான். மாட்டுப்பண்ணைக்காரர் மகன். எங்கள் வீட்டிலும் மாடு உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் நிறையப் பேசுவான். மறு வருஷம் வசந்த காலத்தில் ஒருநாள் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கம் அலகைத் திறந்து கூவும் கழுகு, இன்னொரு பக்கம் கல்லூரிக் கட்டடங்கள், முகப்பைச் சுற்றி ஒன்றோடொன்று கோத்த சங்கிலி.

"இந்த மாதிரி மோதிரம் எங்களுக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது" என்றான். 1911ஆம் ஆண்டு மாணவர்களில் நான்கு பேர் உட்கார்ந்து முதல் மோதிரக் குழுவை அமைத்தார்களாம். அன்று முதல் ஒவ்வொரு பேட்ச்சும் தன் மோதிரத்தைத் தானே வடிவமைத்துக்கொள்கிறது. படிப்பு முடியும்வரை மோதிரத்தின் ஆண்டு எண், அதைப் போட்டவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பட்டம் வாங்கும் நாளில் அதைத் திருப்பிப் போட்டால் எண் உலகத்தைப் பார்க்கும். விலை கேட்டேன். என் இரண்டு மாத வாடகைக்கு மேல் சொன்னான். அதற்காக இரண்டு கோடைக்காலம் பக்கத்துப் பண்ணைகளில் பால் கறந்திருக்கிறான்.

அப்பாவுக்கு எழுதிய ஏரோகிராமில் இதையும் எழுதினேன். பதில் வந்தது: "கல்யாணத்துக்குப் போடறது மோதிரம் அம்மிணி. படிச்சதுக்குச் சர்டிபிகேட் போதாதா?" எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஏதோ ஒரு நகைக் கம்பெனி இளம் பிள்ளைகளின் ஆசையைக் காசாக்குகிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த ஏப்ரலில் ஓர் இரவு லேபிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் நடுவே டிரில்ஃபீல்டு என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. வானத்தில் வாணவேடிக்கை. நீள அங்கி போட்ட பெண்களும் ராணுவச் சீருடைப் பையன்களுமாக ஒரே கூட்டம். அதுதான் மோதிர நடனம் என்று பிறகு தெரிந்தது. 1934இல் தொடங்கிய விழா. பேட்ச்சின் நிறத்தில் ரிப்பன் கொண்டு மோதிரத்தை மணிக்கட்டில் கட்டி வந்து, ஜோடி ஜோடியாக ஒருவருக்கொருவர் அணிவித்துக்கொள்வார்கள். இதற்கென்றே 1942இல் எழுதி இசையமைத்த ஒரு பாட்டும் உண்டு. புல்வெளி ஓரத்தில் ஒரு மரத்தடியில் நின்று கடைசி வெடி முடியும்வரை பார்த்தேன். அந்த விழாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அன்று நினைத்தேன். 1995இல் பட்டம் வாங்கியபோது என் விரலில் எதுவும் இல்லை, அதில் எனக்குக் குறையும் தெரியவில்லை.

என் மகள் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் போனில், "அம்மா, என்ன ரிங் கமிட்டியில் எடுத்துட்டாங்க" என்றாள். சந்தோஷம் என்று சொன்னேனே தவிர, அதில் இத்தனை வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சில மாதங்கள் அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம்தான். மோதிரம் ஆள்காட்டி விரல் நுனி அளவுதான். அதன் இரண்டு பக்கத்திலும் முகப்பிலுமாக ஒரு பேட்ச்சின் நான்கு வருஷத்தை வைக்க வேண்டும். கழுகும் தேசியக் கொடியும் கட்டடங்களும் சங்கிலியும் எல்லா ஆண்டு மோதிரத்திலும் இருந்தாக வேண்டும் என்பது வழக்கம். மீதி இடம் இவர்களுடையது. எந்தக் கட்டடத்தைச் சேர்ப்பது? போரில் இறந்த மாணவர்களின் நினைவாலயத்துக்கு மேல் சகோதரத்துவம், மானம், தலைமை, தியாகம், சேவை, விசுவாசம், கடமை, 'நான் பயன்படும்படி' என்ற பல்கலைக்கழக வாசகம் என எட்டுத் தூண்கள் நிற்கின்றன. எட்டையும் செதுக்கினால் ஒவ்வொன்றும் பல்குச்சி மாதிரி ஆகிவிடும். எண்ணிக்கையைக் குறைக்கலாமா? எதைக் குறைப்பது? ஒரு பையன் வாத்துக் குளம் வேண்டும் என்கிறான். ஒரு பெண், தான் படித்த ஆய்வுக்கூடம் எந்த ஆண்டு மோதிரத்திலும் வந்ததில்லை என்கிறாள். பல்கலைக்கழகத்துக் கட்டடங்கள் பலவும் ஹோக்கிக் கல் என்ற சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை. அந்தக் கல்லின் சொரசொரப்பைத் தங்கத்தில் கொண்டுவர முடியுமா என்பதற்கே ஒரு வாரம் போனது.

மகள் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் வரைந்த ஒரு பக்கத்தைக் குழு ஏற்கவில்லை. "அவங்க சொல்றதுதான்ம்மா சரி. அதான் அழுகை வருது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் என் பழைய முடிவு கலைந்தது. வார்ப்பதும் விற்பதும் கம்பெனி. ஆனால் முகப்பில் என்ன இருக்க வேண்டும் என்று பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி, சண்டையிட்டு, விட்டுக்கொடுத்து முடிவு செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான சக மாணவர்கள் வாழ்நாள் முழுக்கப் போடப்போவதை முடிவு செய்யும் பொறுப்பு அந்த வயதில் எனக்கு யாரும் தந்ததில்லை.

எல்லா இடத்திலும் இப்படியில்லை. அமெரிக்காவில் கல்லூரி மோதிரம் என்பதே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் 1835ஆம் ஆண்டு மாணவர்களோடு தொடங்கியது. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக மோதிரம் நூறாண்டுக்கு மேலாக ஏறக்குறைய ஒரே அச்சு. 1963இல் கல்லூரியின் பெயர் மாறியபோது எழுத்து மாறியது. அங்கே தாத்தாவும் பேரனும் ஒரே மோதிரம் போடலாம், அதற்கும் ஓர் அழகு உண்டு. எனக்குப் பிடித்தது ஒவ்வொரு ஆண்டும் முதலிலிருந்து தொடங்கும் வழக்கம்தான். ஒவ்வொரு வருஷமும் இந்த மோதிரம் யாருடையது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு வர்ஜீனியா டெக்கில் தவறான பதில் சொன்ன காலமும் உண்டு. 1953இல் இர்விங் பெட்ரூ என்ற கறுப்பின மாணவர் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின மாணவர் அவர். வகுப்பில் உட்காரலாம், அணிவகுப்பில் நிற்கலாம். விடுதியில் தங்கவோ அங்கே சாப்பிடவோ கூடாது. ஊருக்குள் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கி நடந்து வந்து படித்தார். மூன்றாம் ஆண்டில் மோதிர நடனம் வந்தபோது, வராமலிருப்பது நல்லது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டார். அவருக்கு அடுத்த ஆண்டு சேர்ந்த சார்லி யேட்ஸ் 1958இல் முதல் கறுப்பினப் பட்டதாரி ஆனார். இருவர் பெயரையும் சேர்த்து ஒரு விடுதிக்கு 2003இல் வைத்தார்கள். விடுதியில் இடம் மறுக்கப்பட்ட மனிதரின் பெயர் விடுதி வாசலில் இருக்கிறது. என் மகள் இந்தக் கதையைக் குழுவில் எல்லோருக்கும் சொன்னாள். சொல்லியே ஆக வேண்டிய கதை.

நான் அன்று மரத்தடியில் தள்ளி நின்றதையும் இதையும் ஒன்றாக வைக்க மாட்டேன். என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாக ஒதுங்கிக்கொண்டேன். பெட்ரூவின் வலி வேறு.

ஏப்ரல் 16, 2007 அன்று நாங்கள் வேறு மாநிலத்தில் இருந்தோம். டிவியில் நாரிஸ் ஹால் என்ற பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன். மாணவர்களும் ஆசிரியர்களுமாக 32 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான். கோபியிலிருந்து அப்பா போன் செய்தார். "நம்ம கரட்டடிபாளையத்துக்காரராமா அம்மிணி" என்றார். மேலே பேச முடியவில்லை அவருக்கு. அப்பா சொன்ன பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல் படித்து, கான்பூர் ஐ.ஐ.டி.க்கும் பர்டியூ பல்கலைக்கழகத்துக்கும் போய், 1982 முதல் வர்ஜீனியா டெக்கில் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே உயிரிழந்தார். நான் படித்த துறை வேறு, அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனாலும் அந்தத் தகவலுக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் எனக்கு அந்நியமாக இருந்ததே இல்லை. டிரில்ஃபீல்டின் ஓரத்தில், பர்ரஸ் ஹாலுக்கு முன்னால், 32 பேருக்கும் 32 ஹோக்கிக் கற்கள் அரைவட்டமாக நிற்கின்றன. முன்பு நான் வாணவேடிக்கை பார்த்த அதே புல்வெளி.

மகளின் மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மோதிர அறிமுகம் நடந்தது. நானும் போயிருந்தேன், எண்பத்திரண்டு வயது அப்பாவும் அமெரிக்கா வந்திருந்தார். குழு உறுப்பினர்கள் அதுவரை வடிவத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. என்னிடம்கூட இறுதி வடிவத்தை மகள் காட்டவில்லை. விளக்கு அணைந்து, திரையில் முதலில் சங்கிலி மட்டும் தெரிந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. தங்கள் துறைக் கட்டடம் தெரிந்ததும் ஒரு மூலையிலிருந்து கத்தல், இன்னொரு மூலையிலிருந்து விசில். அப்பாவுக்கு ஆங்கிலம் முழுதாகப் புரியாது. "என்னம்மா இது, கோயில்ல திரை விலகறப்பல இருக்குது" என்றார்.

வெளியே மாதிரி மோதிரங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் மகள் ஒன்றை எடுத்து அப்பச்சியின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசாரி வீட்டுத் திண்ணையில் நகை பார்ப்பவர் பார்வை அது. "இதுல உன் கை எங்கிருக்குது கண்ணு?" என்று கேட்டார். அவள் காட்டிய இடம் ஒரு கடுகளவுகூட இல்லை.

பிறகு ஒரு நாள் தங்கம் உருக்குவதைப் பார்க்க முடிந்தது. 2012இல் தொடங்கிய ஏற்பாடு இது. பழைய மாணவர்கள், அல்லது அவர்கள் காலமான பிறகு குடும்பத்தார், தங்கள் மோதிரத்தைத் திருப்பித் தருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த வார்ப்பாலையிலேயே அவற்றை உருக்குகிறார்கள். அந்தத் தங்கம் புதிய பேட்ச்சின் மோதிரங்களில் கலக்கிறது. கொஞ்சத்தை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு உருக்கலில் சேர்ப்பதால், முதல் வருஷத்துத் தங்கம் அறுபடாமல் தொடர்கிறது. வெஸ்ட் பாயின்ட்டிலும் இந்த வழக்கம் உண்டு. நான் பார்த்த அன்று ஒவ்வொரு மோதிரத்துக்கும் பெயரைச் சொல்லி மூசையில் போட்டார்கள். தேய்ந்து எண்ணே தெரியாத மோதிரங்களும் இருந்தன. அம்மாவின் அட்டிகையை உருக்கி என் கல்யாணத்துக்கு வளையல் செய்த அன்று, ஆசாரியின் முன்னால் பாட்டி கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதே தங்கம் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும் அவருக்கு. இங்கே வெள்ளைக்காரக் கிழவி ஒருவர் தன் கணவரின் மோதிரம் மூசைக்குள் போகும்வரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தங்கத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. வெள்ளி மாதிரி மலிவான உலோகங்களிலும் மோதிரம் கிடைக்கும் என்றாலும் அதையும் வாங்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். என் லேபுப் பையனைப் போல இரண்டு கோடைக்காலம் பால் கறந்து சேர்ப்பது எல்லோராலும் முடியாது. வடிவமைப்பில் இடம் இருந்து விரலில் இடம் இல்லை என்றால் அது பாதி வழக்கம்தான். வசதியுள்ள பழைய மாணவர்கள் ஆளுக்கொரு மோதிரத்துக்குப் பணம் கட்டலாம். நான் இந்த ஆண்டு ஒன்றுக்குக் கட்டியிருக்கிறேன்.

என் மகள் உருக்கிய தங்கத்திலேயே மோதிரம் வாங்கிக்கொண்டாள். மோதிர நடனத்தன்று நானும் டிரில்ஃபீல்டில் நின்றேன், இந்த முறை கூட்டத்தின் நடுவே. இப்போது அவள் கடைசி வருஷம். அவள் மோதிரத்தில் ஆண்டு எண் இன்னும் அவளைப் பார்த்தபடிதான் இருக்கிறது. மே மாதம் திருப்பிப் போடுவாள். அப்பா டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்.