ஊசிக்குப் பயம் வேண்டாம். அளவுக்குப் பயம் வேண்டும்

வீட்டு நாய்க்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் எழும் கேள்விகளுக்கே இந்த வாரம் முழுப் பக்கமும்.

கே: எங்கள் டாமிக்கு ஒன்பது வயது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான், கூடமெல்லாம் சிறுநீர், வைத்த சோறு காலி, உடம்போ இளைத்துக்கொண்டே போகிறது. சுகர் என்கிறார் டாக்டர். மாத்திரையில் சமாளிக்க முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

ப: முடியாது. மனிதர்களில் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை நோயில் கணையம் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும். அதைத் தூண்டவோ, சுரந்ததை உடம்பு ஒழுங்காகப் பயன்படுத்தவோ மாத்திரை உதவும். நாய்களில் பெரும்பாலும் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. எனவே இன்சுலின் ஊசிதான். வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒன்று, அநேகமாக ஆயுள் முழுக்க. ரத்தச் சர்க்கரை 200-ஐ ஒட்டித் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை. வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. கூடம் நனைவது டாமியின் சேட்டை அல்ல. அவனை அதட்டாதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்தும் வைக்காதீர்கள்.

கே: பாகற்காய்ச் சாறும் வெந்தயப் பொடியும் கொடுத்துப் பார்க்கலாமே?
– வாசகர், கும்பகோணம்

ப: பார்க்கும் நாட்களை நாய் தாங்காது. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பைக் கரைத்து எரிக்கிறது. அதில் பிறக்கும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்குகின்றன. வாந்தி, சாப்பிட மறுப்பது, துவண்டு படுப்பது, மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை: இவற்றைக் கண்டால் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கே: நாயிடமிருந்து குழந்தைக்குச் சர்க்கரை நோய் தொற்றுமா?
– வாசகி, ஓசூர்

ப: தொற்றாது. கொஞ்சி விளையாடட்டும்.

கே: எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். நான் எப்படி அவனுக்குக் குத்துவேன்?
– வாசகி, திருநெல்வேலி

ப: முதல் ஊசியை டாக்டர் பக்கத்தில் இருக்க, உங்கள் கையால் போடுங்கள். வீட்டில் அவன் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் பக்கத்தில் உட்காருங்கள். தோள்பட்டைக்குப் பின்னாலோ விலாப் பக்கமோ தளர்ந்த தோலை இரு விரலால் தூக்கினால் சின்னக் கூடாரம் போல எழும். அதன் அடிப்பகுதியில் ஊசியைச் சாய்வாகச் செலுத்தி, நிதானமாக அழுத்தி, எடுத்துவிடுங்கள். மருந்து போகவேண்டியது தோலுக்கு அடியில், சதைக்குள் அல்ல. ஸ்பிரிட் தேவையில்லை, எரியும். தேய்க்கவும் வேண்டாம். காலையில் இடப்பக்கம் என்றால் இரவில் வலப்பக்கம். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோல் தடித்து மருந்து சரியாக ஊறாது. இன்சுலின் ஊசி மிக மெல்லியது. பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே வாரத்தில் உங்கள் கை பழகிவிடும். பழகியபின் வரும் அலட்சியத்துக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

கே: மருந்துக்கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று கேட்டால் சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா என்கிறார்கள். எது வாங்குவது?
– வாசகர், ஈரோடு

ப: இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40-க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்குரியதற்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும், மருந்துக் குப்பியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 100 யூனிட் மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் ‘10’ கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நாயின் உயிருக்கே ஆபத்து. 40 யூனிட் மருந்தை 100-க்குரிய சிரிஞ்சில் ‘10’ வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும். ஊசி போட்டும் பயன் இல்லை. நாய்களுக்கென்றே வரும் பன்றி இன்சுலின் 40 யூனிட் வகை. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் மனிதர் குப்பிகளில் இரண்டு வகையும் உண்டு.

கே: அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஃபிரிட்ஜில் குப்பி தயாராக இருக்கிறது. அதிலேயே ஜிம்மிக்கும் எடுத்தால் என்ன?
– வாசகர், ராஜபாளையம்

ப: அப்பாவின் மருந்து அப்பாவுக்கு. இன்சுலினில் உடனே வேலை செய்து தீர்வது ஒரு வகை, நிதானமாக நீடிப்பது ஒரு வகை, இரண்டும் கலந்தது ஒரு வகை. மனித இன்சுலினில் சிலவற்றை நாய்க்கும் எழுதித் தருகிறார்கள் என்பது உண்மை. எந்த வகை, எத்தனை யூனிட் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு கிலோ எடைக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட் வரை தொடங்குவார்கள். 5 கிலோ பொமரேனியனுக்கு அது ஒன்று, இரண்டு யூனிட். அப்பாவின் 20 யூனிட் பழக்கத்தில் கை இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு குப்பிகளும் ஒரே ஃபிரிட்ஜில் இருந்தால் பெயர் எழுதி, தனித்தனி டப்பாவில் வையுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் உண்மையான வசதி வேறு: ஊசி போடத் தெரிந்த கை. அப்பாவிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

கே: குத்தும்போது திமிறிவிட்டான். மருந்து உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா, தெரியவில்லை. இன்னொரு தடவை போடலாமா?
– வாசகி, காரைக்குடி

ப: கூடாது. பாதி போயிருந்தாலும், ஒன்றுமே போகாவிட்டாலும், அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறி இருப்பதை நாய் தாங்கும். இரட்டை ஊசியில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

கே: முதலில் சாப்பாடா, ஊசியா? சாப்பிடவே இல்லை என்றால்?
– வாசகர், நாகர்கோவில்

ப: சாப்பாடு முதலில். வயிற்றுக்குள் உணவு போனதைக் கண்ணால் பார்த்தபின் ஊசி. தட்டைத் தொடவில்லை, அல்லது தின்றதை வாந்தி எடுத்துவிட்டது என்றால் வழக்கமான அளவைப் போடாதீர்கள்; டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை நோய் கண்டறிந்த அன்றே அவரிடம் கேட்டு எழுதி வைத்திருப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் நாய் பட்டினி கிடப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான்.

கே: ஊசி போட்ட சில மணி நேரத்தில் எங்கள் நாய் மணி, குடித்தவன் போலத் தள்ளாடினான், உடம்பெல்லாம் நடுங்கியது. ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், சேலம்

ப: சர்க்கரை தாழ்ந்துவிட்டது. 60-க்குக் கீழே போனால் தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, பிறகு வலிப்பு. மீட்டரைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். தேன், குளுக்கோஸ் கரைசல், கெட்டிச் சர்க்கரைப் பாகு, எது கைக்கு எட்டுகிறதோ அதை ஈறில் தடவுங்கள். நினைவில்லாத வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வலிப்பில் இருக்கும்போது பல்லுக்கிடையில் விரலையும் விடாதீர்கள். தெளிந்ததும் சாப்பாடு, உடனே டாக்டர். தெளியாவிட்டால் தடவிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள். அடுத்த ஊசி, டாக்டர் அளவைத் திருத்திச் சொன்ன பிறகுதான்.

கே: மாமியார் யாருக்கும் தெரியாமல் பாயசம் ஊட்டுகிறார். ‘வாயில்லா ஜீவன்’ என்கிறார். எப்படிச் சொல்வது?
– வாசகி, மயிலாடுதுறை

ப: அவர் பாசத்தைக் குறை சொல்லாமல், அதற்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டு வேளை சோறும் அவர் கையால் வைக்கட்டும்: தினமும் ஒரே உணவு, ஒரே அளவு, ஒரே நேரம். ஊசியின் அளவு அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் நிர்ணயிக்கப்படுகிறது. நடுவில் வரும் ஒரு கரண்டி பாயசம் கணக்கையே புரட்டிவிடும். பாயசத்தில் உள்ள திராட்சை, சுகர் இல்லாத நாய்க்கும் நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயரில் வரும் மிட்டாயும் சூயிங்கமும் அதைவிட மோசம். அவற்றில் சைலிட்டால் இருந்தால் நாயின் சர்க்கரை சரேலென்று இறங்கும், கல்லீரலும் கெடும். மனிதச் சர்க்கரை நோயாளிக்கு வாங்கி வைத்த இனிப்பு, நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கே: எங்கள் ஊர் வெயிலுக்கும் கரன்ட் கட்டுக்கும் நடுவில் மருந்தை எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், வேலூர்

ப: 2 முதல் 8 டிகிரி வரை அதற்கு இதம். ஃபிரிட்ஜின் நடுத்தட்டு சரியான இடம். ஃப்ரீஸரை ஒட்டி வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்த இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான். சில மணி நேரக் கரன்ட் கட்டுக்கு ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே போதும். வெளியூர்ப் பயணத்துக்குத் தெர்மோகோல் பெட்டி. ஐஸ் நேராகக் குப்பியைத் தொடக்கூடாது. வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட்டுப்போகாதீர்கள். கலங்கலாக இருக்கும் வகையை எப்படிக் கலக்குவது, திறந்த குப்பி எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள்.

கே: என் குளுக்கோமீட்டரிலேயே நாய்க்கும் பார்க்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

ப: காது ஓரத்திலோ உதட்டின் உட்புறத்திலோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மனித மீட்டர்கள் நாயின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். போக்கை அறிய உதவும். அந்த எண்ணைப் பார்த்து நீங்களாக அளவைக் கூட்டக் குறைக்க உதவாது. டாக்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாக 12 மணி நேரம் பார்த்து ஏற்ற இறக்கத்தை வரைவார். கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோஸமின் பரிசோதனையும் உண்டு. உங்கள் வீட்டு அளவுகோல் எளிது: தாகம் குறைந்திருக்கிறதா, எடை நிற்கிறதா, வாசலுக்கு ஓடி வருகிறதா?

கே: ரோஸிக்குக் கருத்தடை செய்யவில்லை. ஒவ்வொரு முறை ஹீட்டுக்கு வந்தபின்னும் ஊசி கேட்பதே இல்லை. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

ப: ஹீட் முடிந்த பிறகு வரும் வாரங்களில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது, அது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. கருத்தடை அறுவைதான் மருந்து. தள்ளிப்போடாமல் செய்தால் சில பெண் நாய்களுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு. அறுவைக்குப் பிறகு இன்சுலின் தேவை குறையும் என்பதால், பழைய அளவை அப்படியே தொடராதீர்கள்.

கே: ஒழுங்காக ஊசி போட்டும் கண் வெள்ளையாகிவிட்டது. எங்கே தவறினோம்?
– வாசகி, புதுச்சேரி

ப: நீங்கள் தவறவில்லை. கண் லென்ஸில் சேரும் சர்க்கரை சார்பிட்டாலாக மாறித் தண்ணீரை உறிஞ்சுகிறது, லென்ஸ் கலங்குகிறது. நன்றாகக் கவனிக்கப்படும் நாய்களிலும் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வருகிறது, பலவற்றுக்கு ஓராண்டுக்குள்ளேயே. கண் சிவந்தால், வலி தெரிந்தால் உடனே காட்டுங்கள். அறுவை சிகிச்சை சில இடங்களில் உண்டு. 1903-ல் தொடங்கிய, சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். பார்வை போனாலும் வீட்டு நாய் மூக்கையும் காதையும் வைத்து வாழும். நாற்காலி மேசையை மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

கே: போட்ட ஊசியைக் குப்பையில் போடலாமா?
– வாசகர், மதுரை

ப: கூடாது. குப்பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். அவர் விரலும் விரல்தான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி ஒட்டி, ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ கேட்டு ஒப்படையுங்கள்.

கே: மனிதருக்கே மருந்து கிடைக்காத நாட்டில் நாய்க்கு இன்சுலினா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: இன்சுலின் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. நோயின் வேர் கணையத்தில் என்று தெரிந்தது அங்கேதான். 1921-ல் டொரன்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். கணையம் நீக்கப்பட்ட மார்ஜரி என்ற நாய் அந்தச் சாற்றின் பலத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. 1923-ல் நோபல் பரிசு மனிதர்களுக்குப் போயிற்று. ஏழைக்கு இன்சுலின் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுங்கள், அது நம் கடமை. அதற்காக டாமியின் ஊசியை நிறுத்தத் தேவையில்லை. நாம் அந்த இனத்துக்குக் கடன்பட்டவர்கள்.

கே: எனக்கு 12 வயது. எங்கள் ஜூலிக்கு நான் ஊசி போடலாமா?
– வாசகி, திருச்சி

ப: ஊசியைப் பெரியவர்கள் போடட்டும். உனக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்துக் கோடு போடு: தேதி, நேரம், எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை யூனிட், யார் போட்டது; வாரம் ஒருமுறை எடை. அப்பா போட்டிருப்பார் என்று அம்மாவும், அம்மா போட்டிருப்பார் என்று அப்பாவும் நினைத்தால் ஜூலிக்கு ஊசி கிடைக்காது. இருவரும் போட்டுவிட்டாலோ பெரிய ஆபத்து. நோட்டைப் பார்க்காமல் யாரும் சிரிஞ்சைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போடு. டாக்டரிடம் போகும்போது அதை நீயே எடுத்துக்கொண்டு போ. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய அவருக்கு வேண்டிய விவரமெல்லாம் உன் கையெழுத்தில்தான் இருக்கும்.