கரியை நம்பினோர்

வாக்குச்சாவடியில் விரலில் வைக்கிற மை 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் தயாராகிறது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலில் படிந்துவிட்டால் சோப்பு, எலுமிச்சம்பழம், வேண்டுதல் எதற்கும் அசையாது. நகம் வளர்ந்து வெளியே போனால்தான் உண்டு. எங்கள் செல்லிப்பட்டு வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மையோ, ஈரக்கை பட்டாலே ஊரைக் காலி செய்துவிடும்.

அண்ணி மகளிர் குழுவில் எலுமிச்சை ஊறுகாய் போடுகிறார். நான் லேபிள் இலாகா. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊரில் உலவும் வதந்தியால் வந்த பதவி. மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் பாட்டில்கள் தூறலில் நனைந்தன. 'எலுமிச்சை'யின் பின்பாதி கரைந்துபோக, ஒரு பெரியவர் மீதியைத் தம் கற்பனையால் முடித்துக்கொண்டு, "என்னாம்மா, எலும்பு ஊறுகாயா?" என்று கேட்டாராம். சைவத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டிய பச்சைப் புள்ளியோ, 2021 வெள்ளத்தில் சங்கராபரணி ஆறு எங்கள் படுகை அணையை உடைத்ததுபோல, தன் கட்டத்தை உடைத்துக்கொண்டு எடை, விலை, தேதி எல்லாவற்றின் மேலும் பாய்ந்திருந்தது.

"தம்பி, ஊறுகா ஒரு வருஷம் நிக்குது. நீங்க அடிச்ச பேரு ஒரு தூறலுக்கு நிக்கல" என்றார் அண்ணி. சட்டமும் அவர் பக்கம்தான். 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள், எழுத்து தெளிவாக, அழியாததாக இருக்க வேண்டும் என்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் மட்டுமே 14 இலக்கம். அதில் ஒரு எட்டு வழிந்து சைபரானால் நாம் வேறு யாருடைய ஊறுகாயையோ விற்கிறோம்.

வீட்டு பிரிண்டரின் கலர் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சாயம். காய்ந்துவிட்டதே என்று நம்பக்கூடாது. தண்ணீரைக் கண்டதும் பழைய உறவு புதுப்பிக்கப்படும். பிக்மெண்ட் மை அப்படியல்ல. அதிலிருப்பது கரையாத நுண்துகள். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட், மற்ற மூன்று நிறமும் சாயம். அண்ணன் மகள் ஆசையாக வரைந்து கொடுத்த ரோஜா நிற எழுத்தும் மஞ்சள் கொடியும் இப்படித்தான் முதலில் அடித்துச் செல்லப்பட்டன.

அந்தக் கறுப்புத் துகள் வேறொன்றுமில்லை, கரி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுத்தாணியால் ஓலையில் கீறி, கீறலில் விளக்குக் கரியை ஏற்றினார்கள். மங்கினால் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து பளிச்சென்று எழும். எண்ணெய் பட்டால் பளிச்சென்று தெரிகிற எழுத்து! ஊறுகாய் வியாபாரிக்கு வேறென்ன வரம் வேண்டும்? லேசர் பிரிண்டரின் கறுப்பு டோனரும் அதே கரிதான். பிளாஸ்டிக் தூளோடு சேர்த்துச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறார்கள், அவ்வளவே.

பில் போடுகிற தெர்மல் தாளில் மையே கிடையாதே என்று பக்கத்து வீட்டு மாமா யோசனை சொன்னார். வெயிலும் எண்ணெயும் பட்டால் அது துறவு பூண்டு வெறுந்தாளாகிவிடும். வேண்டாம்.

மையைவிட தாள் செய்கிற துரோகம் அதிகம். லேசருக்கான வழவழப்பு ஸ்டிக்கர் தாளில் இங்க்ஜெட் மை உள்ளே இறங்காமல் குளம் கட்டி நிற்கும். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சுள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். பிரிண்டரின் அமைப்பிலும் அதே தாள் வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த இங்க்ஜெட் பூச்சுத் தாளை லேசரில் மட்டும் விடாதீர்கள், பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அடித்த தாள்களைச் சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், இரவு முழுக்கப் பரப்பி வையுங்கள். பாட்டிலின் எண்ணெயைத் துடைத்து, ஒட்டி, மேலே அகலமான செலோ டேப்பைச் சுற்றிவிடுங்கள். பார்க்க அழகில்லை, எலும்புக்கு அது மேல்.

பச்சைப் புள்ளிக்குக் கரி உதவாது. கலர் லேசர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைதான் கதி. எதில் அடித்தாலும் சரி, முதல் லேபிளை ஈரக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.