கேள்விக்குறிக்குப் பின்னால் நடந்த கூத்து

வலை பிறந்த புதிதில் பக்கத்துக்குள் பெயர் கேட்கும் கட்டம், ஊர் கேட்கும் கட்டம் எதுவும் கிடையாது. இஸ்இண்டெக்ஸ் என்று ஒரே ஒரு டேக் இருந்தது. அதைக் கண்டதும் பிரவுசர் ‘தேட வேண்டியதைச் சொல்’ என்று ஒரு கட்டத்தை நீட்டும். தட்டியது முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு, முன்னால் ஒரு கேள்விக்குறி, இடைவெளி வருமிடத்தில் பிளஸ் குறி என்ற அலங்காரத்தோடு சர்வருக்குப் போகும். அங்கே அதை என்ன செய்வது என்பது சர்வர்காரர் தலையெழுத்து.

பிளஸ் குறி இடைவெளியாகிவிட்டதே, நிஜமான பிளஸ் என்னாவது? அதைச் சதவீதக் குறி போட்டு வேறு மாதிரி எழுத வேண்டும். இந்தச் சங்கதி ஜாவாஸ்கிரிப்டின் ‘எஸ்கேப்’ என்ற ஃபங்க்ஷனுக்குத் தெரியாது. பிளஸ்ஸைத் தொடாமல் அப்படியே அனுப்பிவிடும். ‘சி++’ என்று தேடினால் சர்வருக்கு வெறும் ‘சி’யும் கொஞ்சம் காற்றும்தான் போய்ச் சேரும்.

1993-ல் மொசைக் பிரவுசர் காலத்தில் படிவங்கள் வந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட விவரங்களை அனுப்பியாக வேண்டும், நடுவில் பிரிக்க ஒரு குறி வேண்டும். கீபோர்டில் அத்தனை குறி இருக்க, பொறுக்கியெடுத்தது ‘&’. எச்டிஎம்எல்லில் சிறப்புக் குறிகளை எழுதுவதும் அதே ‘&’ போட்டுத்தான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் அதே பெயர் வைத்துவிட்டு, கூப்பிட்டால் யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் பெரும்பாலும் தப்பான ஆள். அச்சகத் தளம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண் 5, நகல் இரண்டு. நகலுக்கு ‘காப்பி’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து, முன்னால் ‘&’ போட்டு, ‘=2’ என்று இணைப்பை முடிக்கிறார் நிரல் எழுதும் பையன். சில பழைய பிரவுசர்கள் இதைப் பார்த்ததும், ‘ஓ, காப்புரிமைக் குறி கேட்கிறார் போல’ என்று தாமாகவே முடிவெடுத்து, ‘5©=2’ என்று மாற்றி அனுப்பிவிடும். நகல் இரண்டு என்ற தகவல் காலி. ஆர்டர் எண்ணோ ‘5©=2’. பையன் தன் நிரலை ராத்திரி முழுக்கத் தேடினாலும் அதில் பிழை கிடைக்காது.

1999-ல் எச்டிஎம்எல் 4.01 பின்னிணைப்பில் ஒரு பரிகாரம் சொன்னார்கள்: ‘&’ வேண்டாம், அரைப்புள்ளியையும் சர்வர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். நல்ல யோசனைதான். கேட்டவர் கொஞ்சம் பேர். கேட்ட கொஞ்ச பேரில் ஒருவரான பைத்தானும், ஒரு சர்வர் அரைப்புள்ளியைப் பிரிப்பானாகப் படிக்க, முன்னால் நிற்கும் இன்னொன்று படிக்காமல் விட, அந்தச் சந்தில் திருடர் புகுந்துவிடலாம் என்று 2021-ல் அதைக் கைகழுவியது.

தமிழுக்கு நடந்தது தனிக் கதை. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி சதவீத வேடம் போட்டால் ஒன்பது எழுத்து. ‘கணினி’ என்று தேடினால் 45. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ முகவரிக்கு 2,083 எழுத்துதான் என்று கறாராக இருந்த ஆள். முகவரிப் பட்டியில் தமிழை நேரடியாகத் தட்டினாலோ இன்னும் விசேஷம்: பாதைப் பகுதியை யுடிஎஃப்-8-ல் அனுப்பும்; கேள்விக்குறிக்குப் பிந்தியதை மட்டும் விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியலில் அனுப்பும். அந்தப் பட்டியல் எதிலும் தமிழுக்கு இடமில்லை. ஆகவே கேள்விக்குறிக்குப் பின்னால் வரிசையாகக் கேள்விக்குறிகள் போகும். சர்வர் பதில் சொல்லாததில் என்ன ஆச்சரியம்?

இந்தப் பிரவுசரை வழிக்குக் கொண்டுவர ரூபி ஆன் ரெயில்ஸ்காரர்கள் 2010-ல் செய்தது உச்சம். படிவத்தை யுடிஎஃப்-8-ல்தான் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாலும், பழைய எழுத்துப் பட்டியலுக்குள் அடங்காத குறி ஒன்றாவது உள்ளே இருந்தால்தான் அது மதிக்கும். சரி என்று ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பனிமனிதனை ☃ ஒளித்து வைத்தார்கள். தேடும் படிவமாக இருந்தால் முகவரியிலேயே பனிமனிதன் வந்து நிற்பான். பிறகு அவனை இறக்கிவிட்டு ✓ குறி போட்டார்கள். பிரவுசர் ஒழுங்காக நடந்ததற்கு மதிப்பெண் போல அது பல காலம் நின்றது.

இத்தனைக்கும் வாலைப் பிரித்துப் படிக்கும் வேலையைப் பிரவுசர் செய்யவே இல்லை. கேள்விக்குறியையும் சேர்த்து மொத்தமாக ஜாவாஸ்கிரிப்டின் கையில் கொடுக்கும்; முதல் எழுத்தை வெட்டு, ‘&’ இருக்குமிடத்தில் உடை, ‘=’ இருக்குமிடத்தில் மறுபடி உடை என்று ஆளாளுக்கு ஒரு ஃபங்க்ஷன் எழுதினார்கள். சர்வர் பக்கத்திலும் ஒற்றுமை இல்லை: ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிஎச்பி கடைசியைப் பிடிக்கும், ஏஎஸ்பி இரண்டையும் கமா போட்டு ஒட்டும், ஜாவா முதலாவதைக் கொடுக்கும். முறையான ஏற்பாடான யுஆர்எல் சர்ச் பாரம்ஸ் குரோமுக்கு வந்தது 2016-ல். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைக் கடைசிவரை கண்டுகொள்ளாமலே 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றது.

ஓய்வு என்றாலும் ஊரைவிட்டுப் போகவில்லை. எட்ஜ் பிரவுசரின் உள்ளே ‘ஐஇ மோட்’ என்று ஒரு திண்ணை ஒதுக்கி, குறைந்தது 2029 வரை அங்கே இருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதனால் அலுவலகத்தில் யாராவது அந்தப் பழைய முதல் எழுத்து வெட்டும் வரியை அழிக்கப் போனால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.