ஊதாப் பூவை வெட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் தாமானுக்குப் பின்னால் மண் மேட்டில் ஊதாப் பூச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. மலாய்க்காரர்கள் ‘செண்டுடுக்’ என்கிறார்கள். வெட்டிவிடலாமா?
– வாசகி, சிம்பாங் அம்பாட்

பதில்: முதலில் கத்தியைக் கீழே வையுங்கள் அம்மா! செம்பனைத் தோட்டக்காரர்களுக்கு அது களை. மலாயா மண்ணுக்கு அது பூர்வகுடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதற்குச் சொந்த வீடு உண்டு. மண்வாரி இயந்திரம் மேல்மண்ணைச் சுரண்டிப்போட்ட இடத்தில் முதலில் குடியேறுகிறவள் அவள்தான். புளிப்பு மண்ணில் மற்ற செடிகளின் வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை இலையில் சேர்த்துவைத்துக்கொண்டே தழைப்பாள்.

காலையில் அந்தப் பூவை உற்றுப் பாருங்கள். தேன் கிடையாது, விருந்து முழுக்க மகரந்தம்தான். மஞ்சள் கேசரம் ஐந்து, ஊதா ஐந்து. மஞ்சள் விருந்துக்கு அழைக்கும். ஊதா, வந்தவர் உடம்பில் தூளைப் பூசி அனுப்பும். சும்மா வந்து உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது. பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடலை அதிரவைத்தால்தான் மகரந்தப்பையின் நுனித்துளை வழியே தூள் கொட்டும். என்ன கைவேலை!

பழம் வெடித்தால் பூக்கொத்திகளுக்கும் கொண்டைக்குருவிகளுக்கும் கொண்டாட்டம். நீங்களும் தின்னலாம், நாக்குதான் கருஊதாவாகும்.

கை துறுதுறுக்கிறதா? சிறு வெள்ளைப் பூவும் ரோமம் படர்ந்த நீலக்கறுப்புப் பழமுமாக கிளிடெமியா அருகிலேயே இருக்கலாம். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து காட்டை அடைக்கும் செடி. அதை வேரோடு பிடுங்குங்கள், செண்டுடுக்கை விட்டுவையுங்கள்.