வெறும் போத்தல் என்ன விலை?

மயிலிட்டிக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்ரிக் போத்தல்களைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினேன். இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சினிமாக் கேள்வி கேட்டவர்கள் பொறுத்தருள்க.

கண்ட இடத்தில் குப்பை போடுவது எங்கள் சனத்தின் குணம். சட்டம் போட்டுத் திருத்தலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தெல்லிப்பழை

திருத்த முடியாது மாஸ்டர். ஆனால் காசு திருத்தும். இதே சனம்தான் ஒரு காலத்தில் கண்ணாடிச் சோடாப் போத்தலைப் பொன்போலப் பார்த்தது. சோடா வேண்டுமென்றால் வெறும் போத்தலோடு கடைக்குப் போகவேண்டும். இல்லையென்றால் போத்தலுக்கும் காசு வைத்துவிட்டு வரவேண்டும். வழியில் போட்டுடைத்த பிள்ளைக்கு விழுந்த அடி சோடாவுக்காக அல்ல. நல்லெண்ணெய் சாராயப் போத்தலில்தான் வீட்டுக்கு வந்தது. குடிக்காத வீட்டிலும் நாலு சாராயப் போத்தல் இருந்ததன் ரகசியம் அதுதான். 1990 இல் போரால் மயிலிட்டிச் சனம் ஊரைவிட்டுப் போனபிறகு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான அந்த வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கானது. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதினார்கள்.

அப்போதெல்லாம் போத்தல் தெருவில் கிடக்கவில்லை. சனம் உத்தமமாக இருந்ததால் அல்ல. போத்தலுக்கு விலை இருந்தது. பிளாஸ்ரிக் வந்தது, விலை போயிற்று. 2017 ஜூலையில்தான் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டது. 27 வருடம் காத்திருந்து வாங்கிய கரையில் இன்று தண்ணிப் போத்தல் குடியேறியிருக்கிறது.

வெறும் ரின்னைக் கடையில் மெசினுக்குள் போட்டால் காசு வருமாம். நோர்வேயில் இருக்கும் அண்ணா சொல்கிறார். புளுகுதானே?
– தங்கை, மயிலிட்டி

மற்றக் கதைகளுக்கு நான் பொறுப்பில்லை. இது உண்மை. அதற்கு அங்கே 'பான்ட்' என்று பெயர். அரை லீற்றர் வரைக்கும் 2 குரோனர், அதற்கு மேல் 3 குரோனர் என்பது 2018 இலிருந்து உள்ள கணக்கு. சாமானோடு சேர்த்து முதலில் வாங்கிவிடுவார்கள். போத்தலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். அந்த மெசினைச் செய்யும் தொம்ரா கம்பனியே 1972 இல் நோர்வேயில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியதுதான்.

கெட்டித்தனம் மெசினில் இல்லை, வரியில் இருக்கிறது. பானம் விற்கும் கம்பனிகளுக்கு அரசு ஒரு சுற்றாடல் வரி வைத்திருக்கிறது. விற்ற போத்தல் எவ்வளவு திரும்பி வருகிறதோ அவ்வளவுக்கு வரி குறையும். 95 வீதத்தைத் தொட்டால் வரியே இல்லை. போத்தல் திரும்பி வரவேண்டுமென்று குடித்தவனைவிட விற்றவன்தான் அங்கே நேர்த்தி வைக்கிறான். எண்பதுகளில் வடநோர்வே மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்ற எங்கள் பெடியளுக்கு ஒரு குரோனரின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. அண்ணா அடுத்தமுறை வரும்போது சொக்கிலேற்றோடு அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அது வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி. எங்கடை ஆக்களுக்குச் சரிவருமா?
– சங்கக்கடை வாசலில் இருந்து ஒருவர்

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டின் நீலகிரியில் குடித்துவிட்டு எறிந்த போத்தல்கள் உடைந்து காட்டு விலங்குகளின் காலைப் பதம்பார்த்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் என்ற அரசு மதுக்கடையில் போத்தலுக்கு 10 ரூபாய் கூட. வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வரும். பிறகு கோயம்புத்தூர், பெரம்பலூர் என்று மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. 2025 செப்ரெம்பரில் கேரளமும் 20 ரூபாய் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியது. தள்ளாடுகிறவனே போத்தலை மறக்காமல் கொண்டுவருகிறான். தெளிந்திருக்கும் உங்களுக்கு என்ன வருத்தம்?

வலைக்கு மிதப்பாகப் போத்தல் கட்டுகிறோம். அதற்கும் சட்டம் வருமா?
– கடற்றொழிலாளி

தாராளமாகக் கட்டுங்கள். போத்தலுக்குக் காசு வந்தபிறகு முடிச்சுத்தான் கொஞ்சம் இறுகும்.

என் கடை பத்துக்குப் பத்து. ஊர் குடித்த போத்தலை நான் எங்கே அடுக்குவது?
– தேத்தண்ணிக்கடை முதலாளி

பகிடியை விட்டுப் பதில் சொல்லவேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் டாஸ்மாக் ஊழியர்களும் இதையே சொல்லிப் போராடினார்கள்: இடமில்லை, ஆளில்லை, விற்பதா போத்தல் எண்ணுவதா? நோர்வேயில் போத்தல் திருப்பி வாங்கும் கடைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கூலி உண்டு. அது இல்லாமல் இங்கே சட்டம் வந்தால் உங்கள் கோபம் நியாயமானது. எனக்கு ஒரு யோசனை. எல்லாச் சின்னக் கடைகளின் தலையிலும் கட்டாமல், துறைமுகத்திலேயே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒரு சேகரிப்பு நிலையத்தைக் கொடுக்கலாம். நிறுத்து வாங்கிக் கணக்கு வைக்க அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டு லேபிளோடும் போத்தல் ஒதுங்குகிறது. அதற்கும் காசு தருவார்களா?
– பத்தாம் வகுப்பு மாணவன்

தரமாட்டார்கள் தம்பி. இந்த நாட்டில் காசு கட்டி விற்ற போத்தல்தானா என்று பட்டைக்கோட்டைப் பார்த்துத்தான் தருவார்கள். எல்லை தாண்டிய படகுகளைப் பிடித்து உங்கள் துறைமுகத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டிய போத்தலை மட்டும் எந்தக் கடற்படையும் பிடிப்பதில்லை.

எந்தப் போத்தலுக்குக் காசு, எதற்கு இல்லை?
– மயிலிட்டியிலிருந்து மொன்றியல் போனவர்

உங்கள் கியூபெக்கே நல்ல உதாரணம். 2023 நவம்பரில் எல்லா அலுமினிய ரின்னுக்கும் 10 சதம். 2025 மார்ச்சில் பிளாஸ்ரிக் போத்தலுக்கும் வந்தது. கண்ணாடியும் கடதாசிப் பெட்டியும் 2027 க்குத் தள்ளிப்போயிருக்கின்றன. பக்கத்து ஒன்ராறியோவில் பியர் போத்தலுக்கும், 2007 முதல் வைன் போத்தலுக்கும் காசு உண்டு, தண்ணிப் போத்தலுக்கு இல்லை. குடிகாரன் பொறுப்பாக நடக்கவேண்டும், தண்ணி குடிப்பவனுக்கு விடுதலை. ஜேர்மனி 2003 இல் தொடங்கியது. பிளாஸ்ரிக் போத்தலில் வரும் பழச்சாற்றை 2022 இல்தான் சேர்த்தது, பாலை 2024 இல். ஸ்கொட்லாந்து 2023 இல் கண்ணாடியைச் சேர்ப்பதா இல்லையா என்று லண்டனோடு இழுபட்டுத் திட்டத்தையே தள்ளிப்போட்டது.

விதிவிலக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் குப்பை போய்ச் சேரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் ஸ்கொட்லாந்தின் கதை. தண்ணி, சோடா பிளாஸ்ரிக் போத்தலில் தொடங்கவேண்டும். மற்றவை எப்போது சேரும் என்ற திகதியையும் அதே சட்டத்தில் எழுதவேண்டும்.

எங்கள் அரசு ஒன்றுமே செய்யவில்லையா?
– பெயர் வேண்டாம் என்றவர்

அப்படிச் சொல்லக்கூடாது. 2023 இல் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாவற்றையும் தடைசெய்தார்கள். இடியப்பத் தட்டு குற்றவாளி, தண்ணிப் போத்தல் நிரபராதி. இடியப்பத் தட்டுக்குப் பின்னால் பெரிய கம்பனி இல்லை என்பது தற்செயலாக இருக்கலாம்.

அடுத்தமுறை துறைமுகத்துக்குப் படம் எடுக்க வரும் அரசியல்வாதியின் கையில் தண்ணிப் போத்தல் ஒன்று இருக்கும். பேசி முடித்ததும் அவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இந்த வெறும் போத்தலுக்கு எத்தனை ரூபா? கிடைத்த பதிலை எனக்கும் எழுதியனுப்புங்கள், பிரசுரிக்கிறேன்.